கர்க்கடகத்தில் ஓர் இறக்கை

ஜூன் 14
மழை. நானே கட்டுகிற விமானத்தின் இறக்கைக்கு வாங்கிய பலகையில் ஈரம் பார்க்கும் மீட்டர் 13 சதவீதம் காட்டுகிறது. நேற்று 12.

ஜூன் 17
அப்பா இன்று மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார். "பலகை பச்சை, சாமி." பிசியோதெரபி பையன் கைதட்டினான். எனக்குக் கை எழவில்லை.

அந்தப் பலகைக்குக் கொடுத்த காசு எனக்குத்தான் தெரியும். ஸ்ப்ரூஸ் மரம் கட்டுப்படியாகாமல் டக்ளஸ் ஃபர் மரம் வாங்கினேன். ஸ்ப்ரூஸைவிடப் பலம், ஆனால் கனமும் கூட. ஒட்டும்போது கொஞ்சம் அடம்பிடிக்கும் என்பார்கள். ஈரம் மீட்டரில் 12 என்றதால் நிம்மதியாக இருந்தேன். அப்பா இடது கை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார், காதைப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் துண்டு ஒன்றை நடுவில் பிளந்து, உள்ளே ஊசியைக் குத்தினேன். 17. மீட்டரில் பொய் இல்லை. ஊசி போகிற ஆழம் வரைக்கும்தான் அதற்குத் தெரியும்.

ஜூன் 21
பெங்களூரு மருமகன் போனில்: "மாமா, மரப்பெட்டி, ரெண்டு பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன். நாலு நாள்ல காஞ்சிரும்." அப்பா: அத்தை வீட்டு விறகடுப்புக்கு மேல் பரண், மூன்று வாரம், நுனியில் சாணம்.

பலகையைப் பெட்டிக்கும் பரணுக்கும் பாதிப் பாதி அனுப்பினேன். யாரையும் பகைத்துக்கொள்ள இது நேரமில்லை.

ஜூன் 25
பெட்டியில் வைத்ததில் நுனி நுனியாக விரிசல். நீளத்தில் ஒரு சாண் போச்சு. நுனி வழியாகத்தான் மரம் வேகமாகத் தண்ணீரை விடும், அதனால் மெழுகு பூசச் சொல்லிப் புத்தகத்திலும் இருக்கிறது. படித்துவிட்டுத்தான் மறந்தேன். சாணமும் அதே வேலையைத்தான் செய்கிறது. மருமகனுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 29
கரண்ட் இல்லை. பல்புப் பெட்டி பிணம் மாதிரி சில்லென்று கிடக்கிறது.

ஜூலை 3
வச்சிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சினேன். அப்பாவின் பிடிவாதம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, கட்டி கரையும்வரை கிளறி. வீடு முழுக்கத் தோல்கிடங்கு வாடை. தாத்தா காலத்து அலமாரி இன்றும் நிற்கிறதே என்பது அவர் கட்சி. அலமாரி மழையில் நிற்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒட்டிய துண்டுகளை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் கையில் எடுத்ததும் ஊறிய அப்பளம் மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

1944-ல் இதே நாட்டில்தான் மாஸ்கிட்டோ என்ற மரச் சண்டை விமானங்களின் இறக்கைகள் பறக்கும்போதே பிரிந்தன. இங்கிலாந்து குளிரில் செய்ததை இந்த வெயிலிலும் ஈரத்திலும் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது, தொழிற்சாலையில் இணைப்புகளும் சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. இதை அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஜூலை 4
பேசவில்லை.

ஜூலை 5
கஞ்சி குடித்தார். பேசவில்லை.

ஜூலை 9
இந்த முறை எபாக்சி பசை. பன்னிரண்டு சோதனைத் துண்டு. ஆறைக் கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்கினேன், ஆறை லேசாகப் பிடித்தேன். அப்பா நாற்காலியிலிருந்து கண்ணாலேயே "இறுக்கு, இறுக்கு" என்றார். அறுபது வருஷம் அப்படித்தான் இறுக்கியிருக்கிறார்.

ஜூலை 11
உடைத்தோம். இறுக்கியவற்றில் நாலு பசைக்கோட்டிலேயே விட்டது. பசையெல்லாம் பிதுங்கி வெளியே போய்விட்டது. லேசாகப் பிடித்த ஆறும் மரத்தில் கிழிந்தன, நார் நாராக. மரம்தான் உடைய வேண்டும், பசை உடையக் கூடாது.

ரிசார்சினால் பசையாக இருந்திருந்தால் அப்பா சொன்னதுதான் சரி. அதற்கு மெல்லிய கோடும் நல்ல இறுக்கமும் வேண்டும். அவர் அறிவுரையில் பிழையில்லை. பசை மாறியது அவருக்குத் தெரியாது. மருமகனும் இதே கதைதான். ஒட்டுமுன் எண்பதாம் நம்பர் உப்புத்தாள் போடுங்கள் என்றான். கண்ணாடி இழைக்கு அது சரி. இந்த மாதிரி மென்மரத்தில் தேய்த்த தூள் துளைகளை அடைத்துவிடும். கூரான இழைப்புளியால் ஒரு சீவு சீவிவிட்டு உடனே ஒட்ட வேண்டும். இழைப்புளியைத் தீட்டிக் கொடுத்தது அப்பா, இடது கையால்.

பேசினார். "கல்லுல தண்ணி விடு."

ஜூலை 17
இந்தக் கேரளப் பக்கம் கர்க்கடக மாதம் ஒன்று, அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் ஆடி ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமாம். டீக்கடையில் என்னைப் பார்த்து நாலு பேர் இதையே சொல்லிச் சிரித்தார்கள். அம்மிக்கு அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை.

ஜூலை 22
விமானத்துக்கு அனுமதி கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் விமானம் கட்டினார், 2017-ல்தான் பதிவு கிடைத்தது. கட்டுவதைவிடக் காத்திருந்ததுதான் அதிகம் போலிருக்கிறது.

ஜூலை 26
இறக்கைமேல் போர்த்தும் துணிக்குச் சின்னச் சட்டம் ஒன்றில் பழகிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பருத்தி, லினன். அதன்மேல் டோப் என்ற வார்னிஷைப் பூசினால் விறைத்து இறுகும். அப்பாவுக்கு அது கஞ்சி போட்ட வேட்டி. இப்போது பாலியெஸ்டர், இஸ்திரிப் பெட்டியால் சுருங்கும். முதல் சுற்று 120 டிகிரி, கடைசிச் சுற்று 177. அதைத் தாண்டினால் துணி தளர ஆரம்பிக்கும். பெட்டித் திருகில் "காட்டன்" என்று போட்டிருப்பது எத்தனை டிகிரி? தெர்மாமீட்டர் வைத்தால் 160-க்கும் 205-க்கும் நடுவே ஊசலாடுகிறது. வீட்டுக்காரி தன் பெட்டியைத் திரும்பக் கேட்கிறாள்.

துணியை ரிப்போடு, அதாவது இறக்கையின் விலா எலும்பு மாதிரியான சட்டத்தோடு, தைக்கும் முடிச்சுக்கு அமெரிக்காக்காரன் வைத்த பெயரே மீன்வலை முடிச்சு. மலம்புழையில் வலை பின்னுகிற அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே போட்டுக் காட்டினார். வலையில் கடைசி இழுப்பு வேறு மாதிரியாம்.

ஆகஸ்ட் 2
தூக்கமில்லை. மருமகன் எஞ்சினை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளச் சொல்கிறான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தானாம்.

பிரான்சில் ஆன்ரி மின்யே 1933-ல் ஒரு குட்டி விமானம் செய்தார். யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஊரெல்லாம் கட்டினார்கள். நன்றாகத்தான் பறந்தது. அப்புறம் வரிசையாகச் செத்தார்கள். காற்றை ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது: மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றின் காற்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும், ஓட்டுகிற குச்சியை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழாது. தப்பு கட்டியவர்கள் அடித்த ஆணியில் இல்லை.

இரண்டு அங்குலம். முதலில் கொப்பரைக் கடை எலக்ட்ரானிக் தராசு மூன்றைக் கேட்டு வாங்கி, மூன்று சக்கரத்துக்கும் கீழே வைத்து எடை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். அதுவரை வரைபடத்தில் இருப்பதுதான்.

ஆகஸ்ட் 6
அப்பா ராத்திரி மூச்சுக்குத் திணறினார். காலையில் சரி.

ஆகஸ்ட் 8
பலம் பார்க்க இறக்கையைக் குப்புறப் போட்டாயிற்று. மேலே தூக்கும் காற்றுக்குப் பதில் மணல் மூட்டை, எடை கீழே அழுத்தும். உடம்போடு சேரும் பக்கம் அதிகம், நுனியில் குறைவு. நாற்பது சாக்கு, ஒவ்வொன்றிலும் எடையைச் சாக்பீஸால் எழுதினேன். நாளைக் காலை ஒன்பதுக்கு ஏற்ற ஆரம்பிக்கிறோம். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் முனகினால் முதலில் தனக்குத்தான் கேட்கும், நாற்காலியைப் பக்கத்தில் போடு என்கிறார் அப்பா. டாக்டர் ஈரத்தில் உட்காரக் கூடாது என்றிருக்கிறார். போட்டேன்.

ஆகஸ்ட் 9
விடிகாலையில் தகரம் பிய்ந்து மூட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எழுதிய எடை எதுவும் இனி ஆகாது. திரும்பவும் ஒவ்வொன்றாக