ஆறு குஞ்சுகளும் ஒரு மின்குமிழும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. பின்வளவு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் பாதியைக் கறிவேப்பிலை மரமும் தண்ணீர்த் தாங்கியும் பிடித்துக்கொண்டுவிட்டன. மீதிப் பாதியை நம்பித்தான் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் ஆறை, எல்லாம் பேடு என்ற உறுதிமொழியோடு, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வழியில் தீன், தண்ணீர் எதுவும் கொடுக்கவில்லை. பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் ஓரிரு நாள் அதிலேயே தாங்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டியதுதான். போத்தல் மூடியில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் வைத்தேன். இல்லாவிட்டால் உள்ளே ஏறி நனைந்து விறைத்துவிடும்.

சூட்டில்தான் கோட்டை விட்டேன். முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்க வேண்டும் என்று வாசித்திருந்தேன். கடையில் தந்த எல்.ஈ.டி. வெளிச்சம் தந்ததே தவிரச் சூடு தரவில்லை. தேடி அலைந்து பழைய இழை மின்குமிழ் ஒன்று, நூறு வாட், வாங்கி மட்டைப் பெட்டிக்குள் தொங்கவிட்டேன். மறுநாள் நண்பகல் பார்த்தால் ஆறும் ஆறு மூலையில், அலகைத் திறந்து, சிறகை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வெளியே ஏற்கெனவே 31 பாகை வெயில். குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியதை நான் கொழும்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன்!

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அடைக்கோழி எந்த வெப்பமானியைப் பார்த்துச் சிறகை விரிக்கிறது, பிள்ளை? குஞ்சைப் பார்" என்றார். நாற்பது வாட்டுக்கு மாறினேன். அதையும் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிட்டேன். பகலில் அணைத்து, மாலையில் போட்டேன். மின்குமிழுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் வெக்கை. அங்கங்கே கால் நீட்டிப் படுத்தால் சரி. வெப்பமானி இப்போது அலுமாரியில் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு குஞ்சின் பின்புறத்தில் எச்சம் சீமெந்துபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. பிடுங்கினால் தோலும் வரும். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு தையல் மெஷின்போல் அடித்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் கழிக்க முடியாமலே செத்திருக்கும்.

தரையில் முதலில் பத்திரிகைத் தாளை விரித்திருந்தேன். கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துவிடும் என்று தெரிந்ததும் உமிக்கு மாறினேன்.

இரண்டாம் வாரத்தில் கண்ணில் ராணிக்கெட் என்ற கோழிநோய்க்கான தடுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டோம். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டாம் நாள்தான் பயந்தேன். இரவு மழை சாரலாய் அடித்து உமி நனைந்திருந்தது. சோம்பலில் இரண்டு நாள் மாற்றாமல் விட்டேன். எச்சத்தில் இரத்தம். ஈரப் படுக்கையில் பெருகும் குடல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் என்று கால்நடை வைத்தியர் சொன்னார். அவர் தந்த அம்ப்ரோலியத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தோம். ஐந்து பிழைத்தன. ஒன்றைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தேன். அது என் சோம்பலின் கணக்கு.

ஐந்தாம் வாரம் கூட்டுக்கு மாற்றினேன். எங்கள் ஓட்டுக்கு மேலே மரநாய் ஒன்று குடியிருக்கிறது. இரவில் அது நடப்பது கேட்கும். வழக்கமான கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. எனவே அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடியிலும் சேர்த்து அடித்தேன். கதவுக்கு இரண்டு கொண்டி.

இப்போதைய கவலை வேறு. ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிவந்து, கால் தடித்து வருகிறது. நேற்று விடியற்காலை, கரையோர ரயில் போன கையோடு, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. பக்கத்து வீட்டு அன்ரியின் படுக்கையறை யன்னல் மூன்றடி தள்ளி இருக்கிறது. முதல் முட்டை அவருக்குத்தான் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.