எத்தனை இலை? காதுகுத்துக்காக நான் செய்த ஆப்

தை மாசக் கடைசியில் ஆரம்பித்த வேலை இது. வைகாசியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். குழந்தையை மடியில் உட்கார வைப்பதிலிருந்து சீர்த்தட்டு வரைக்கும் என் பொறுப்பு. அழைப்பு, சாமான், பந்தல், சமையல் எல்லாம் மன்னார்குடியில் எங்கள் வீட்டிலிருந்துதான் ஓட வேண்டும். போன் ஆப் செய்கிற கருவியான ஃப்ளட்டர் கொஞ்சம் பழகியிருந்தேன். இந்த விசேஷத்துக்கே ஒரு ஆப் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

திரைகளை வரைந்து பார்க்கிற ஃபிக்மாவில் முதலில் வரைந்தது, பார்ட்டி ஆப்களில் வழக்கமாக இருக்கிற மாதிரிதான். ஆளுக்கு ஒரு வரி, போன் நம்பர், பக்கத்தில் ‘வருகிறேன்’, ‘வர இயலாது’ என்று இரண்டு பட்டன். அம்மாவிடம் காட்டினேன்.

“வெத்தலை பாக்கு வச்சு அழைச்சுட்டு, வருவீங்களா மாட்டீங்களான்னு கேக்க முடியுமாடா?”

அன்று சாயங்காலம் சமையல்காரரைப் பார்க்கப் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: “எத்தனை இலை தம்பி?” நூறு இலைக்குப் பத்து கிலோ அரிசி என்று ஆரம்பித்து, காய், பருப்பு, தயிர், எத்தனை பந்தி, பரிமாற எத்தனை ஆள் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணிலிருந்தே பிரித்துச் சொல்லிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் வரைந்ததை எல்லாம் அழித்தேன். முதல் திரையின் நடுவில் ஒரே எண், பெரிய எழுத்தில்: இலை. மற்ற எல்லாத் திரையும் அந்த எண்ணைச் சரியாக்குவதற்காகத்தான் என்று முடிவு செய்தேன்.

அப்படிப் பார்த்தால் பட்டியல் ஆள் கணக்காக இருக்க முடியாது, வீட்டுக் கணக்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தேர்வு வைத்தேன்: ‘குடும்பத்தோட’, ‘ரெண்டு பேர்’, ‘தலைக்கட்டுக்கு ஒருத்தர்’. அம்மா வாயால் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அக்கா கல்யாணத்து மொய் நோட்டுதான் ஆதாரம். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருந்த அந்த நோட்டிலிருந்து 163 வீடு ஏறியது. தொகையை மட்டும் அழைப்புத் திரையில் காட்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மொய்யைப் பார்த்து அழைக்கிற மாதிரி ஆகிவிடுமாம். அவர் சொன்னது சரி. மொய்க்குத் தனித் திரை, அதுவும் விசேஷம் முடிந்த பிறகுதான் திறக்கும்.

தமிழ் எழுத்தோடு பட்ட பாடு தனி. ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் ஒரு வட்டத்தில் முதல் எழுத்து வருகிற மாதிரி செய்திருந்தேன். திருவாரூருக்கு ‘த’ என்றும் கும்பகோணத்துக்கு ‘க’ என்றும் வந்தது. எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கிற எண் வரிசையான யூனிகோடில் ‘தி’ என்பது த-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண். ஃப்ளட்டரில் எழுதுகிற டார்ட் மொழி முதல் எண்ணை மட்டும் வெட்டிக் கொடுக்கிறது. முழு எழுத்தாகப் பிரித்துத் தருகிற கேரக்டர்ஸ் என்ற பேக்கேஜைச் சேர்த்ததும் ‘தி’, ‘கு’ சரியாக வந்தன. ஸ்ரீவாஞ்சியத்துக்கு மட்டும் ‘ஸ்’ என்று நின்றது, ஏனென்றால் அந்தக் கணக்கில் ஸ்ரீ இரண்டு எழுத்து. அதற்குத் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அகர வரிசையிலும் இதே சிக்கல். யூனிகோடில் ந-வுக்கு அடுத்தே ன வருவதால் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்து உட்கார்ந்தது. எழுத்து வரிசையை நானே ஒரு அட்டவணையாக எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் ஊர்ப்பெயர்கள் நின்றதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ராகுகாலம் போடுவது சுலபம். கிழமைக்கு ஒன்றரை மணி நேரம், ஞாயிறு 4.30 முதல் 6 வரை. அதை ஒரு சிவப்புப் பட்டையாகக் காட்டினேன்.

சித்திரையில் அழைப்பு ஆரம்பமானது. ஊர்களைத் திசை வாரியாகப் பிரித்திருந்தேன்: நீடாமங்கலம், வலங்கைமான், கும்பகோணம் ஒரு பக்கம், குடவாசல், ஸ்ரீவாஞ்சியம், நன்னிலம் ஒரு பக்கம். அப்பா வண்டியில் போய் அழைத்துவிட்டு, அந்த வீட்டுக்கு நேரே டிக் போடுவார். இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது.

விசேஷத்துக்கு நாலு நாள் முன்னால் வலங்கைமானிலிருந்து அத்தை போன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. “எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்துட்டுப் போனீங்களாமே அண்ணி” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆப்பைத் திறந்து பார்த்தால் அத்தை வீட்டுக்குப் பச்சை டிக். அப்பா போகவில்லை. பக்கத்து வரியில் போட வேண்டிய டிக் இங்கே விழுந்திருக்கிறது. டிக் கட்டத்தை நான் 32 டிபி (போன் திரையில் அளக்கிற அலகு) அளவில் வைத்திருந்தேன். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன், தொடுகிற இடம் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்கிறது. படித்திருந்தும், திரையில் நிறைய வீடு தெரியட்டும் என்று குறுக்கிவிட்டேன். நாற்றங்காலிலும் மண்வெட்டியிலும் காய்த்துப்போன அப்பாவின் கட்டைவிரலுக்கு அந்தக் கட்டம் எந்த மூலை?

அன்றைக்கு ராத்திரியே தட்டோடு கிளம்பினோம். வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனம், குங்குமம், மேலே பத்திரிகை. அத்தை தட்டை வாங்கிக்கொண்டார், காபி போட்டார். டம்ளரை நீட்டும்போது கண் கலங்கியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். “நீ என்னடா செய்வே, பிள்ளையை மடியில வச்சு நல்லபடியா குத்தி முடி” என்றார்.

மறுநாள் அந்தத் திரையை முழுசாக மாற்றினேன். வரியின் உயரம் 56 டிபி. தொட்டால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு கேள்வி வரும்: ‘தட்டு வாங்கியது யார்?’ பதில் போடாத வரைக்கும் அந்த வீடு மஞ்சளிலேயே நிற்கும். அப்பா மைக்கை அமுக்கி “மருமக வாங்கிச்சு”, “பெரியவரே வாங்கிக்கிட்டார்” என்று வாயாலேயே சொல்லிவிடுகிறார். போகாத வீட்டுக்கு யாராலும் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. இந்த ஆப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விசேஷத்தன்று ஆப் சொன்னது 410 இலை. திருவையாறு பக்கத்திலிருந்து 500 இலை வாங்கியிருந்தோம். கடைசிப் பந்தி எழுந்ததும் மிச்சத்தை எண்ணினேன்: 62. கிழிந்தது ஆறு. ஆக 432 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். கூடுதலாக வந்த 22 இலை யாருடையது என்று உட்கார்ந்து பார்த்தோம். அதில் 17 பேர் வேன் டிரைவர்கள், மேளக்காரர்கள், பந்தல்காரர்கள், பரிமாறியவர்கள். நமக்காகக் காலையிலிருந்து நின்றவர்களை என் பட்டியல் எண்ணவே இல்லை. சமையல்காரர் கொஞ்சம் தாராளமாக வடித்திருந்ததால் சோற்றுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. இப்போது ‘வேலைக்கு வந்தவங்க’ என்று ஒரு வரி, பட்டியலின் தலையிலேயே இருக்கிறது.

ஆவணியில் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்குள் அப்பா போனும் என் போனும் ஒரே பட்டியலைப் பார்க்கும்படி செய்ய வேண்டும். இப்போது பட்டியல் இருக்கிற எஸ்க்யூலைட் ஃபைலை வாட்ஸப்பில் அனுப்பித்தான் சேர்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் அழைக்கப் போனால் ஒருவர் போட்டதை இன்னொருவருடையது அழித்துவிடுகிறது. இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.