துரியோதனன் வேடத்தைப் பெண் கட்டினால் என்ன?

பெண்பிள்ளை துரியோதனன் வேடம் கட்டினால் மரபு கெட்டுப்போகும் என்று கடலூர்ப் பக்கம் இன்னமும் சிலர் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் காப்பாற்ற நினைக்கிற அதே தெருக்கூத்தில் பாஞ்சாலியாகக் காலங்காலமாக ஆடிவந்தவர்கள் ஆண்கள்தானே? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துகில் உரிதல் நடக்கும் ராத்திரியைப் பாருங்கள். சேலையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார், சூடம் ஏற்றுவார்கள், முன்வரிசையில் இருக்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எதிரே நிற்பது மீசையை மழித்துவிட்டு வந்த ஆம்பிளை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கும்பிடுகிறார்கள், ஏனென்றால் வேடம் அவ்வளவு பலமாக நிற்கிறது.

புதுச்சேரியில் 1922இல் காலமான நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் நடத்திய பாலர் சபை என்ற நாடகக் குழுவில் ராஜபார்ட் என்ற நாயகன் வேடம், ஸ்திரீபார்ட் என்ற பெண்வேடம் எல்லாமே சிறுவர்கள்தான். அப்புறம் 1935இல் கே.பி.சுந்தராம்பாள் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். அதனால் இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஆளை மாற்றினால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பெண் நடிக்கிறாள் என்று போஸ்டரில் பெரிதாகப் போட்டுவிட்டு மேடையில் பழைய நடையையும் பழைய குரலையும் அப்படியே காப்பியடிக்கிற நாடகங்கள் வருகின்றன, அவை என்னைத் தொடுவதில்லை. மாற்றம் உடம்புக்குள்ளும் போக வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆதிசக்தி நாடகக் குழுவை நடத்திய வீணாபாணி சாவ்லா 'பிருகன்னளை' என்ற நாடகத்தை எடுத்தபோது, அஞ்ஞாதவாசத்தில் அர்ச்சுனன் பெண்வேடம் பூண்டதை வெறும் ஒளிந்துகொள்ளும் தந்திரமாக விட்டுவிடாமல், ஓர் ஆணுக்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பது எப்படி என்ற கேள்வியாகவே மாற்றினார். பாரதம் தெரிந்தவருக்கும் அதில் புதிதாக யோசிக்க ஒன்று இருந்தது.

பிரான்சின் நாடக இயக்குநர் அரியான் மனுஷ்கின் புதுச்சேரிக்கு வந்துபோன பிறகு 2016இல் போட்ட நாடகத்தில், பல நாட்டு நடிகர்கள் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்து கற்றுக்கொண்டு தமிழிலேயே பாடி ஆடினார்கள். அடவு என்கிற ஆட்ட அசைவும் பாட்டும் கற்றுக்கொண்டவருக்கு வேடம் பொருந்தும், அவர் எந்த ஊரில் பிறந்திருந்தால் என்ன!

நம்முடைய கூத்தில் நான் பார்க்க ஆசைப்படுவது இதுதான். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் துரியோதனனாகக் கிளம்ப வேண்டும், திரை விலகியதும் கிரீடமும் புஜகீர்த்தி என்ற தோள் அணியும் கட்டி அவள் சபையைச் சுற்றி ஆட வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனும் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, ராஜாவைக் கேலி செய்து கேள்வி கேட்கிற உரிமை அந்த வேடத்துக்குத்தானே இருக்கிறது! தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர் உண்டு; காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார்கள், அதனால் முடியுமா என்ற கேள்விக்கே இனி இடமில்லை.

நிஜமான தடை வேறு இடத்தில் இருக்கிறது. விடிய விடிய ஆட வருகிற பெண்ணுக்கு வேடம் கட்ட மறைவான அறை வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும், ஆட்டம் முடிந்து வீடு போய்ச்சேர வண்டி வேண்டும், ஆணுக்குக் கொடுக்கிற அதே சம்பளமும் வேண்டும். மரபைப் பற்றிப் பேசுகிற ஊர்ப் பெரியவர்களும் விழாக் கமிட்டிக்காரர்களும் இந்தத் திருவிழாவிலேயே இதற்கு ஏற்பாடு செய்யட்டும்.