உரிமம் புதுப்பிக்கும் ஆண்டில் எதைப் படிப்பது?

கால்நடை மருத்துவர் உரிமம் காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதுதான் என் கோப்பைத் திறந்தேன். தேவையான தொடர்கல்வி நேரத்தில் பாதிகூடத் தேறவில்லை. கேட்ட வகுப்புகள் நிறைய, கையில் சான்றிதழ்தான் இல்லை. ஒரு இணைய வகுப்பை முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் இருந்த வினாத்தாளை முடிக்காமல் வெளியேறியிருந்தேன். இன்னொன்றின் சான்றிதழில் பதிவு எண் இல்லை. அதைத் திருத்தி வாங்க ஆறு வாரம் ஆனது. சான்றிதழ் வந்த அன்றே பெயர், பதிவு எண், தேதி, நேரம் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

எத்தனை மணி நேரம், எந்த வகை வகுப்பு செல்லும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உடன் வேலை செய்பவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், விதியையே படியுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது சிகிச்சையைத் தொடரலாமா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறை அவ்வளவுதான். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. கிடைத்த வகுப்பிலெல்லாம் உட்கார்ந்து நேரத்தை நிரப்பாதீர்கள். நான் என் நோயாளிப் பதிவேட்டை எடுத்து, எங்கெல்லாம் கை தயங்கியதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோடுகள்தான் எனக்குப் பாடத்திட்டம் ஆயின.

முதல் கோடு, மயக்க மருந்தின்போது இதயம் நின்றுபோன ஒரு பூனை. அதனால் உயிர்மீட்பு நேரடிப் பயிற்சிக்குப் போனேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பக்கவாட்டில் படுத்த விலங்கின் மார்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். பொம்மை மேல் அழுத்தத் தொடங்கியதும் பயிற்றுநர் என் மணிக்கட்டைத் தொட்டார். "அழுத்துறீங்க டாக்டர், ஆனா விடமாட்டேங்கிறீங்க." என் உடல் எடை கையிலேயே சாய்ந்திருந்தது. மார்பு முழுதாக மேலெழுந்தால்தானே இதயத்துக்குள் ரத்தம் திரும்பும்! இதை எந்த இணைய வகுப்பும் என்னிடம் கண்டுபிடித்திருக்காது. இரண்டு நிமிடத்தில் தோள் இறுகிப்போனது. ஆள் மாற்றச் சொல்வதன் காரணம் அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

மருந்திலும் மாற்றம் வந்திருக்கிறது. நீண்ட நேரம் மீளாத விலங்குக்கு அட்ரினலினை உயர்ந்த அளவில் கொடுப்பது, 2012இல் வந்த விலங்குகளுக்கான உயிர்மீட்பு வழிகாட்டியான ரிக்கவரில் ஒரு வாய்ப்பாக இருந்தது. 2024 பதிப்பு அதைப் பரிந்துரைக்கவில்லை. பழைய குறிப்பு உங்கள் சுவரில் இன்னும் ஒட்டியிருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள்.

இரண்டாவது கோடு, தடுப்பூசியெல்லாம் போட்ட பிறகும், குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த ஒரு நாய்க்குட்டி. கடைசி ஊசி 12 வாரத்தில் போட்டிருந்தேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையே செயலிழக்கச் செய்யும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்கிறார்கள். இதோடு, 26 வாரம் ஆனதும் இன்னொன்று போடச் சொல்கிறது உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டி. முதல் ஊசிகள் பலன் தராமல் போன குட்டியும், முதல் பிறந்தநாள் வரை காத்திருக்காமல் பாதுகாப்புப் பெறும். வளர்ப்பவரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வெறுமனே "இன்னொரு ஊசி" என்றால் சந்தேகப்படுவார்கள், அது நியாயமும்கூட.

பூனைகளின் சிறுநீரகம் எனக்கு மூன்றாவது கோடு. சிறுநீரகச் செயல்பாட்டில் முக்கால் பங்கு போன பிறகே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் இயல்பான எல்லையைத் தாண்டும் என்று கல்லூரியில் படித்ததுதான். ஆனால் "எல்லைக்குள் இருக்கிறது" என்று எத்தனை அறிக்கைகளை மூடி வைத்திருக்கிறேன்! இப்போது அதே பூனையின் பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்து, அளவு ஏறிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கிறேன்.

விண்ணப்பத்தை அனுப்பியதும் ஒப்புகைச் சீட்டையும் சான்றிதழ் நகல்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பின்னால் தணிக்கைக்குக் கேட்டால் தேடி அலைய வேண்டாம். பென்சில் மட்டும் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.