நாகமரையில், காவிரி பார்த்த கூடாரத்தில்

தர்மபுரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் காவிரி ஓடுகிறது. ஆனாலும் காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் காவிரி என்றால் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வரும். ஆறு பள்ளத்தில் போகிறது. எங்கள் ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. மழை பெய்தால் ஏரி, பொய்த்தால் ஆழ்துளைக் கிணறு என்றே பிழைப்பு ஓடியது. அம்மா காவிரியைப் பார்த்ததெல்லாம் ஆடிப்பெருக்கு நாட்களில்தான். ஒகேனக்கல் கூட்டத்தில் இடம் பிடித்துத் தலை நனைத்து, ஈரத்துணியோடு கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்துவிடுவார். ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கியதே இல்லை. தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளாம்பிங் என்ற பெயரில் கட்டிலும் குளியலறையும் வைத்த கூடாரங்கள் இப்போது கடற்கரையிலும் மலையிலும் நிறைய வந்துவிட்டன. முழங்கால் வலி உள்ள ஒருவரை ஆற்றோரம் தங்கவைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தரையில் படுக்க வேண்டாம். நடு இரவில் கழிப்பறை தேடி இருட்டில் நடக்கவும் வேண்டாம். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருந்தேன். வேறொரு மாவட்டத்தில், இயற்கையின் மடியில் என்று விளம்பரம் செய்திருந்த ஆற்றோர விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறேன். நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அலறியது. தண்ணீரை நோக்கி விளக்குகளைத் திருப்பி வைத்திருந்தார்கள். அங்கிருந்து திரும்பியபோது ஏற்பட்ட கோபம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த முறை தொலைபேசியிலேயே கேட்டுவிட்டேன்: நிலம் பட்டா நிலமா, கழிவுநீர் எங்கே போகிறது, இரவில் பாட்டுக் கச்சேரி உண்டா?

பட்டாவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி வரை விரியும் காடுகளை 2022-இல் தமிழக அரசு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டும் சாம்பல் நிற மலை அணில், மீன் தேடி நீந்தும் நீர்நாய், தண்ணீருக்கு இறங்கி வரும் யானை எல்லாம் வாழும் இடம் அது. அந்தக் கரையில் சுற்றுலாவுக்காகத் தனியார் கூடாரம் அடிப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. கேட்ட மூன்றுக்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னவர்கள் ஏரியூரைத் தாண்டி நாகமரைப் பக்கம் நாலைந்து கூடாரங்கள் போட்டிருக்கும் ஒரு கணவனும் மனைவியும். அங்கே காவிரி மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக விரிந்து நிற்கிறது.

போகும் வழியில் ஒகேனக்கல்லை விட்டுவிட மனம் வரவில்லை. தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மடம் சோதனைச் சாவடிக்குப் பிறகு காடு தொடங்கி, சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. பென்னாகரத்தில் இழுத்துப் போர்த்தியிருந்த சால்வையை அம்மா கீழே வருவதற்குள் மடித்து மடியில் வைத்துவிட்டார். அத்தனை இறக்கம் அது.

ஆடி மாதம் வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடுவது ஓர் எண்ணைத்தான்: பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் அது. மத்திய நீர்வள ஆணையம் அங்கே ஆற்றை அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததும் அந்த இடத்துக் கணக்குப்படிதான். அந்த எண் எகிறினால் ஒகேனக்கல்லில் பரிசலும் குளியலும் தடை செய்யப்படும். தையில் ஆறு மெலிந்திருந்தது. அருவிகளின் இரைச்சலுக்கு நடுவே பாறைகள் முழுதாக எழுந்து நின்றன. இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்னும் அரிய பாறை இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு என்று நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பூமியில் செடி கொடி எதுவும் முளைத்திருக்கவில்லை.

உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு பரிசலில் ஏறினோம். மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து, வட்டமாகப் பின்னி, மேலே பிளாஸ்டிக் தாளும் சாக்கும் வைத்து இழுத்துக் கட்டித் தார் பூசியிருந்தார்கள். முன்பெல்லாம் மாட்டுத் தோல்தான் போர்த்துவார்களாம். எடை ஒரு பக்கம் சாயாதபடி அம்மாவை எங்கே உட்கார வைப்பது, என்னை எங்கே உட்கார வைப்பது என்று பரிசல்காரர் ஒரு பார்வையிலேயே முடிவு செய்தார். துடுப்பு ஒன்றுதான். அதைத் தனக்கு முன்னால் இழுத்து இழுத்து நேராகக் கொண்டு போனார். பாறைச் சுவர்களுக்கு நடுவே நிழலுக்குள் நுழைந்ததும் குளிர் சட்டென்று இறங்கியது. விளிம்பை இறுகப் பிடித்திருந்த அம்மா ஒரு கையை விடுவித்துத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். பரிசல்காரர் தடுக்கவில்லை. ருசியாக இருக்கிறதா அம்மா என்று மட்டும் கேட்டார். அம்மா சிரித்தார். வழக்கம்போல முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரித்தார்.

அம்மாவின் பற்களில் பழுப்புக் கறை உண்டு. அவருடைய தங்கைகளுக்கும் அப்படித்தான். பள்ளியில் அவரோடு படித்த பலருக்கும் அப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைகளில் ஊறிய நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. மீறினால், பல் உருவாகும் பிஞ்சு வயதிலேயே எனாமலைக் கெடுத்துவிடும். பிற்பாடு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தக் கறை போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைத்துப் போவதும் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதைகளை அம்மா எனக்குச் சொன்னதில்லை. சித்திதான் சொன்னார்.

ஆறு அருகிலேயே இருந்தும் இந்த நிலை ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி ஓடும் பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. தண்ணீரை மலை ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நிதியுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. மதிப்பு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். என் அக்கா மகள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். அவள் பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. அவள் சிரிக்கும்போது அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அதனால்தான் பரிசலில் அம்மா அள்ளிக் குடித்த அந்த ஒரு கை நீர் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

ஒகேனக்கல் மீன் வறுவலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நன்றாகவே இருந்தது. எண்ணெய் தேய்ப்பவர்கள் கூப்பிட்டும் நிற்காமல் மறுபடி பென்னாகரம் ஏறி, ஏரியூர் வழியாக நாகமரை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் புளியமரமும் குச்சிக்கிழங்குக் காடும்.

கூடாரம் தடித்த கித்தான் துணி; கருங்கல் மேடையில் நின்றது. உள்ளே இரண்டு கட்டில், கொசுவலை, மண் பானையில் தண்ணீர், பின்பக்கம் சிறிய குளியலறை. விளக்கு சூரிய மின்சாரத்தில் எரிகிறது. எல்லா விளக்குகளுக்கும் மேலே மூடி போட்டுத் தரையை மட்டும் பார்க்க வைத்திருக்கிறார்கள். குளியலறைத் தண்ணீர் கூழாங்கல் நிரப்பிய குழிக்கும், அங்கிருந்து கல்வாழைப் பாத்திக்கும் போகிறது. கழிப்பறைத் தொட்டி கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் இருக்கிறது. ஆற்றில் சோப்பு போடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன முதல் விதி. இதையெல்லாம் அந்தப் பெண் எனக்கு நடந்து நடந்து காட்டினார். சுற்றுச்சூழல் விடுதி என்று பலகை வைப்பவர்கள் இப்படிக் குழியையும் பாத்தியையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய கணவர் அணையில் உரிமம் பெற்று மீன் பிடிப்பவர். அவர்களுடைய முன்னோர் குடியிருந்த ஊர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறதாம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது கரையோர ஊர்கள் பல மூழ்கின. அக்கரையில் பண்ணவாடியின் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மாதா கோயிலும் அப்படி உள்ளே போனவை. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் மாதா கோயிலின் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரியும். ஊர் ஊராக மக்கள் பார்க்க வருவார்கள். தண்ணீர் பின்வாங்கும் வண்டல் நிலத்தில் எள்ளும் சோளமும் விதைத்து, அடுத்த வெள்ளத்துக்குள் அறுத்துவிடுவதும் இந்தக் கரை மக்களின் வழக்கம். நீர் ஏறினால் மீன், இறங்கினால் பயிர். டெல்டாவுக்காக ஊரைக் கொடுத்தவர்கள் மிச்சத்தில் இப்படி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேட்டூரைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இரவுச் சாப்பாடு களியும் ஆற்றுமீன் குழம்பும். களி கிண்டும்போது அம்மா பொறுக்காமல் அடுப்படிக்கே போய்விட்டார். அரிசி நொய் குழைந்து கொதிக்கும் பானையில் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கோலால் அதில் ஒரு துளை போட்டு வேகவிட்டார்கள். பிறகு பானையை இறக்கி, இரண்டு காலாலும் கவட்டைக் குச்சியை மிதித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் கிண்டத் தொடங்கினார். ஓரத்தில் மாவு கட்டி தட்டுகிறது என்று அம்மா சொல்ல, அவர் கோலை அம்மாவிடமே நீட்டினார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஈரக் கையால் உருட்டி வைத்த களி பளபளவென்று மின்னியது. சூடு ஆறுவதற்குள் கிள்ளி, குழம்பில் புரட்டி விழுங்கினோம். கட்லா மீன், புளி பென்னாகரத்துப் புளி. நட்சத்திர விடுதிகளின் விருந்தை இதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலை வாசல்வரை இழுத்துப் போடச் சொல்லி, ஆற்றைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். அக்கரையில் கொளத்தூர்ப் பக்கத்து விளக்குகள் தெரிந்தன. தன் பள்ளிக்கூடக் காலத்தில் தண்ணீர் சுமந்த தூரங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். விடியலில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று கரையோரமாக நீந்திப் போனது. வலையைக் கிழித்துவிடுகின்றன என்று மீனவர்களுக்கு அவற்றின் மேல் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த அண்ணன் சத்தம் போடாமல் எங்களைக் கூப்பிட்டுத்தான் காட்டினார்.

காலையில் படகுத்துறைக்குப் போனோம். நாகமரையிலிருந்து பண்ணவாடிக்குப் படகு போகிறது. ஆட்களோடு இருசக்கர வாகனங்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். சாலை வழியே மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ சுருக்கம். எங்கள் படகில் சீருடை அணிந்த பிள்ளைகள், காய்கறி மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி. உல்லாசப் படகைவிட இப்படி ஊரார் போகும் படகில் ஏறுவதையே நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

போக நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை கழிந்து, மார்கழி முதல் மாசி வரை போகலாம். கோடையில் பள்ளத்து வெக்கை கூடாரத்துக்குள் இருக்க விடாது. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். கரை எங்கும் ஆழம் ஒரே சீராக இருக்காது என்பதால், உள்ளூர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கிளம்பும்போது அம்மா அந்தப் பெண்ணிடம் தன் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். நீர்மட்டம் இறங்கி நந்தி வெளியே வந்தால் உடனே கூப்பிட வேண்டும், எந்த மாதமானாலும் வந்துவிடுவேன் என்றார். வெயில் தாங்க மாட்டீர்கள் அம்மா என்றார் அவர். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மறக்காமல் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார் அம்மா.