உபுண்டுவில் சிக்கிய பிரின்டர் டிரைவர்: டிபெண்டென்சி முடிச்சை அவிழ்த்த விதம்

கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் கேரளம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். வில்லேஜ் ஆபீசுக்குப் போகிற விண்ணப்பம் மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். இந்தப் பக்கத்தில் லினக்ஸ் ஒன்றும் அதிசயம் இல்லை. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகக் கேரளப் பள்ளிகளில் அது வேரூன்றிவிட்டது. தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு ஐசிடி பிராக்டிகலை லினக்ஸில்தான் செய்கிறார்கள். அக்காவும் அப்படிப் படித்து வந்தவர். லிபர் ஆபீஸும் ஜிம்ப்பும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பிரின்டர் நின்னுபோச்சுங்க. டிரைவரை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். இப்ப எதையுமே இன்ஸ்டால் பண்ண விடமாட்டேங்குது."

முகூர்த்த மாதம். பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. சாயங்காலம் போய் உட்கார்ந்தேன்.

கட்டளைகளை டைப் செய்கிற டெர்மினலில் எதைக் கேட்டாலும், மென்பொருள்களை நிறுவுகிற கருவியான ஆப்ட் ஒரே பதிலைத்தான் சொன்னது: பூர்த்தியாகாத டிபெண்டென்சிகள் (சார்புகள், அதாவது ஒரு மென்பொருள் தான் ஓடக் கேட்கிற மற்ற மென்பொருள்கள்) இருக்கின்றன, 'ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்று கொடுத்துப் பார். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டளையை அப்படியே கொடுத்து, கேட்கிற கேள்விக்கு 'ஒய்' அடித்துவிடுவார்கள். நான் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவேன்.

முதலாவது, எந்தப் பேக்கேஜ் (நிறுவுவதற்காகக் கட்டி வைத்த மென்பொருள்) பாதியில் நிற்கிறது என்பது. ஆப்ட்டுக்குக் கீழே இருந்து பேக்கேஜ்களைப் பிரித்து அமைக்கிற கருவி டிபிகேஜி. 'டிபிகேஜி ஆடிட்' என்று கேட்டால் அது சொல்லிவிடும். 'டிபிகேஜி எல்' கொடுத்து, பட்டியலில் வரிக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துகளைப் பார்த்தாலும் தெரியும். ஒழுங்காக இருக்கிற பேக்கேஜுக்கு முன்னால் இரண்டு சின்ன 'ஐ' நிற்கும். அக்காவின் பிரின்டர் டிரைவருக்கு முன்னால் ஒரு சின்ன 'ஐ'யும் ஒரு பெரிய 'யூ'வும் இருந்தன. கோப்புகளைப் பிரித்து வைத்தாயிற்று, ஆனால் அமைப்பு வேலை முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். டிரைவரின் டெப் கோப்பை, அதாவது பேக்கேஜ் அடங்கிய கோப்பை, 'டிபிகேஜி ஐ' கொடுத்து நேரடியாகப் போட்டால் இப்படித்தான் ஆகும். டிபிகேஜிக்குத் தன் கையில் கொடுத்த கோப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அது கேட்கிற மற்றப் பேக்கேஜ்களைத் தேடி எடுத்து வருகிற வேலை ஆப்ட்டினுடையது. 1999இல், உபுண்டுவுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் 2.1 பதிப்புடன் ஆப்ட் வந்ததே அதற்காகத்தான். டெப் கோப்பை 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதி, புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் என்று கொடுத்தால் ஆப்ட்டே அதையும் பார்த்துக்கொள்ளும். சார்பு கிடைக்காவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, பழைய வரலாறு. 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி டாட் லாக்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஆப்ட் வழியாக எந்தத் தேதியில் யார் என்ன கட்டளை கொடுத்தார், எது வந்தது, எது போயிற்று என்று எல்லாமே அதில் வரிவரியாக இருக்கும். டிபெண்டென்சி உடைந்த எந்த மெஷினிலும் நான் முதலில் திறப்பது இதைத்தான். பிழைச் செய்தி இன்றைய வலியைத்தான் சொல்லும், வலி எங்கே தொடங்கியது என்பது இந்தக் கோப்பில்தான் இருக்கும்.

இருந்தது. அக்காவின் தம்பி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரி புராஜெக்டுக்காக, வெளியார் பராமரிக்கிற ஒரு பிபிஏ களஞ்சியத்தை (பேக்கேஜ்கள் இணையத்தில் கிடைக்கிற இடம்) சேர்த்து, அதிலிருந்து பிஹெச்பி என்ற நிரல்மொழியின் 8.3 பதிப்பைப் போட்டிருந்தான். உபுண்டு 22.04உடன் வருவது 8.1. புதியது வேண்டும் என்றால் இப்படிச் சேர்ப்பது வழக்கம்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிஹெச்பியோடு சேர்ந்து லிப்எக்ஸ்எம்எல்2 என்ற லைப்ரரியும் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற துணை நிரல்) 2.9.13லிருந்து 2.9.14க்கு ஏறியிருந்தது. அதே பதிவில், கீழே 'ரிமூவ்' என்ற வரியில் இரண்டு பெயர்கள்: லிப்எக்ஸ்எம்எல்2 ஐ386, அப்புறம் அந்தப் பிரின்டர் டிரைவர். பிரின்டர் ஏன் நின்றது என்பதற்கு அந்த ஒரு வரியே பதில்.

ஏன் அப்படி நீக்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழைச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் இது விளங்காது. அந்த டிரைவர் பழைய 32 பிட் டிரைவர். கம்ப்யூட்டர் 64 பிட். 32 பிட் நிரல் ஓடவேண்டும் என்றால் அதற்கு வேண்டிய லைப்ரரிகளின் 32 பிட் பிரதியும் கூடவே இருக்கவேண்டும். அதைத்தான் ஐ386 என்று பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். இப்படி இரண்டு பிரதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டும் அச்சு மாறாமல் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, ஒன்று மட்டும் முன்னால் போகமுடியாது. அந்தப் பிபிஏவில் 64 பிட்டுக்கு மட்டும் 2.9.14 இருந்தது, 32 பிட்டுக்கு இல்லை. அதனால் 64 பிட் ஏறியபோது 32 பிட் கழற்றிவிடப்பட்டது. அதை நம்பியிருந்த டிரைவரும் கூடவே போயிற்று. ஆப்ட் இதையெல்லாம் மறைக்கவில்லை. 'பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்' என்று சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறது.

32 பிட் லைப்ரரிகளே இன்னும் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 2019இல் ஐ386 பேக்கேஜ்களை முழுவதுமாக நிறுத்தப்போவதாக உபுண்டு தரப்பு அறிவித்தது. ஸ்டீம் (கம்ப்யூட்டர் விளையாட்டுத் தளம்), வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது) பயன்படுத்துகிறவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தபிறகு, தேர்ந்தெடுத்த சில லைப்ரரிகளை மட்டும் தொடர்ந்து தருவதாக மாற்றிக்கொண்டார்கள். விளையாட்டுக்காரர்கள் போட்ட சண்டையில் கிடைத்ததை வைத்துத்தான் இன்றைக்கு எத்தனையோ சின்னக் கடைகளின் பழைய பிரின்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, கடைக்கு வருவோம். பிரின்டர் நின்றதும் பையன் அந்தப் பிபிஏவைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறான். காரணத்தைச் சரியாகத்தான் ஊகித்திருக்கிறான். ஆனால் களஞ்சியத்தை எடுத்தால், அதிலிருந்து ஏற்கெனவே வந்து இறங்கிய பேக்கேஜ்கள் தானாகத் திரும்பிப் போகாது. அவை அநாதையாக அங்கேயே இருக்கும்.

டிரைவரைத் தற்காலிகமாக நீக்கினேன். ஃபிக்ஸ்-புரோக்கன் கட்டளையும் அதைத்தான் செய்யச் சொன்னது. பூர்த்தி செய்யமுடியாத சார்பு இருந்தால், அந்தச் சார்பைக் கேட்கிற பேக்கேஜையே தூக்கிவிடுவது அதற்குத் தெரிந்த வழிகளில் ஒன்று. ஆப்ட் மறுபடி பேச ஆரம்பித்தது. பிரின்டர் வரவில்லை. லிப்எக்ஸ்எம்எல்2 ஐ386ஐத் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். அப்போது வந்தது அந்தப் பிரபலமான வரி: நீ உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறாய். பதிப்பு மாறாமல் பிடித்து வைத்த, அதாவது ஹோல்ட் போட்ட, பேக்கேஜ்களை 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டால் பட்டியல் காலி. எதையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. இந்த வரியைப் பார்த்து ஹோல்டைத் தேடிக்கொண்டு மணிக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்ட்டுக்கு வழி தெரியவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையைச் சொல்கிற கட்டளை 'ஆப்ட்-கேஷ் பாலிசி'. லிப்எக்ஸ்எம்எல்2 என்று பெயரைக் கொடுத்ததும் விவரம் வந்தது. இப்போது இருப்பது 2.9.14. அதற்கு நேரே ஆதாரமாக எந்த இணைய முகவரியும் இல்லை, டிபிகேஜியின் சொந்த நிலைக் கோப்பு (என்னென்ன நிறுவியிருக்கிறது என்று அது எழுதி வைக்கிற கோப்பு) மட்டும், முன்னுரிமை 100. அதற்குக் கீழே 2.9.13, உபுண்டுவின் ஜாமி (22.04இன் இன்னொரு பெயர்) களஞ்சியத்திலிருந்து, முன்னுரிமை 500. ஒரு பதிப்புக்கு நிலைக் கோப்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்றால் அது அநாதை என்று முடிவு கட்டிவிடலாம். 500 பெரிது, 100 சிறிது, பிறகு ஏன் 2.9.13க்கு மாறவில்லை என்று கேட்கலாம். முன்னுரிமை 1000ஐ எட்டாத வரைக்கும் ஆப்ட் தானாகப் பதிப்பை இறக்காது. அது நல்ல விதிதான். இல்லாவிட்டால் களஞ்சியத்தில் ஏதாவது குழப்பம் வந்தால் சிஸ்டமே பின்னோக்கிப் போய்விடும்.

அடுத்து, இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். 'ஆப்ட் லிஸ்ட் இன்ஸ்டால்டு' கொடுத்து அதில், களஞ்சியம் எதிலும் இல்லாததால் 'லோக்கல்' என்று குறித்திருக்கிற வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். பிஹெச்பி குடும்பம் முழுவதும் வந்தது. அதோடு லிப்பிசிஆர்இ2, லிப்ஜிடி3 மாதிரி சில லைப்ரரிகளும். லிப்பிசிஆர்இ2வைப் பார்த்ததும் கையை நிதானப்படுத்திக்கொண்டேன். அதை லிப்செலினக்ஸ் என்ற இன்னொரு லைப்ரரி நம்பியிருக்கிறது, லிப்செலினக்ஸை டிபிகேஜியே நம்பியிருக்கிறது. அதைப் பதிப்பு இறக்கலாம், ஆனால் ஒரு நொடிகூட நீக்கக் கூடாது.

பையனைப் போனில் கூப்பிட்டேன். "புராஜெக்ட் முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதுங்கண்ணா, ஆனா அந்தக் கோடு எனக்கு வேணும்."

அவனுடைய கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பிஹெச்பி 8.3ஐ நீக்கினேன். களஞ்சியம் போனபிறகு அதற்குப் பாதுகாப்பு அப்டேட்டும் வரப்போவதில்லை. அதை வைத்திருப்பதில் லாபம் இல்லை.

மிச்சமிருந்த லைப்ரரிகளைப் பழைய பதிப்புக்கு இறக்கவேண்டும். பிபிஏ-பர்ஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. களஞ்சியம் பட்டியலில் இருக்கும்போதே அதை ஓட்டினால் நீக்குவது, இறக்குவது எல்லாவற்றையும் அதுவே முடித்துவிடும். இங்கே களஞ்சியத்தை முன்பே எடுத்துவிட்டதால் கையால் செய்தேன். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சாய்கோடு போட்டு 'ஜாமி-அப்டேட்ஸ்' அல்லது 'ஜாமி', எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறதோ அதை எழுதினேன். எல்லா லைப்ரரிகளும் ஒரே கட்டளையில், கூடவே லிப்எக்ஸ்எம்எல்2 ஐ386ம். ஒவ்வொன்றாகச் செய்தால் ஒன்று இன்னொன்றைக் காரணம் காட்டி மறுக்கும். மொத்தமாகக் கேட்டால் ஆப்ட்டுக்கு முழுக் கணக்கும் கண்ணுக்குத் தெரியும்.

உடனே நடத்தவில்லை. 'எஸ்' என்ற சுவிட்ச் போட்டு ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் எதுவும் மாறாது, என்ன நடக்கும் என்று மட்டும் எழுதிக் காட்டும். அதில் 'ரெம்வ்' என்று தொடங்குகிற வரிகள்தான் முக்கியம். 2021இல் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் போடப்போய், ஆப்ட் நீட்டிய நீளமான நீக்கல் பட்டியலுக்குச் சம்மதம் டைப் செய்து, டெஸ்க்டாப்பையே இழந்தார். அங்கேயும் மூலம் இதே 32 பிட், 64 பிட் பதிப்பு பொருந்தாமைதான். அதன்பிறகு வந்த ஆப்ட் பதிப்புகள் அடிப்படைப் பேக்கேஜ்களை அவ்வளவு எளிதில் நீக்க விடுவதில்லை. இருந்தாலும் அந்தப் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அடிக்கிற பழக்கம் என் மெஷினிலும் எனக்கு வேண்டாம், பிறத்தியார் மெஷினில் சுத்தமாக வேண்டாம்.

ஒத்திகையில் ஒரு ரெம்வ் வரிகூட இல்லை. நிஜமாக ஓட்டினேன். 'பின்வரும் பேக்கேஜ்கள் பதிப்பு இறக்கப்படும்' என்று கேட்டது. பட்டியலில் நான் கொடுத்த பெயர்கள் மட்டும். ஒய்.

அப்புறம் டிரைவர். இந்த முறை ஆப்ட் வழியாக. வேண்டிய 32 பிட் லைப்ரரிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பிரின்ட் வேலைகளைக் கவனிக்கிற கப்ஸ் சேவையை மறுபடி தொடங்கியதும், வரிசையில் தேங்கிக் கிடந்த பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

இந்தப் பிரச்சினைக்கு இணையத்தில் கிடைக்கிற வேறு சில வைத்தியங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். டிபிகேஜிக்கு எல்லாவற்றையும் வற்புறுத்துகிற சுவிட்சைக் கொடுப்பது, நிலைக் கோப்பைத் திறந்து டிபெண்டென்சி வரியை அழிப்பது, ஒரு பதிப்பு லைப்ரரிக்கு இன்னொரு பதிப்பின் பெயரில் சிம்லிங்க் (ஒரு கோப்பை வேறு பெயரில் சுட்டுகிற இணைப்பு) போடுவது. மூன்றும் பிழைச் செய்தியை மட்டும் வாயடைக்கும். லிப்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியின் 1.1 பதிப்பைக் கேட்கிற நிரலுக்கு 3ஐக் காட்டினால், நிரல் அழைக்கிற ஃபங்ஷன்கள் அங்கே அதே உருவில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இன்றைக்குத் திறக்கும், பில் போடுகிற நேரத்தில் கவிழும். அடுத்த அப்கிரேடில் ஆப்ட்டின் கணக்கு முழுக்கத் தப்பும். கடை நடத்துகிறவர்களுக்கு இப்படிச் செய்து கொடுத்துவிட்டு வருவதை நான் பெரிய அநியாயமாக நினைக்கிறேன்.

பையனுக்கு அவனுடைய லேப்டாப்பில் எல்எக்ஸ்டி கண்டெய்னர் (சிஸ்டத்துக்குள் தனியாக அடைத்து வைத்த இன்னொரு சிஸ்டம் மாதிரி) ஒன்று அமைத்துக் கொடுத்தேன். அதற்குள் எந்த பிபிஏவையும் சேர்த்து எந்த பிஹெச்பியையும் போட்டுக்கொள்ளலாம், வெளியே இருக்கிற சிஸ்டத்தின் லைப்ரரிகளை அது தொடாது.

22.04க்கான வழக்கமான ஆதரவு 2027 வரைதான். அதற்குள் கடை மெஷினை அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு (நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு) ஏற்றவேண்டும். ஏற்றுகிற கருவி வெளிக் களஞ்சியங்களைத் தானாக முடக்கிவிடும், ஆனால் அவற்றிலிருந்து வந்த பேக்கேஜ்களை அப்படியே விட்டுவிடும். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் அந்த 'லோக்கல்' பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லி, கட்டளையை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். அதில் டிரைவரின் பெயர் மட்டும் வந்தால் அக்காவே ஏற்றலாம். வேறு ஏதாவது பெயர் இருந்தால் முதலில் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.