வராந்தா வகுப்பு

ஜனவரி 3

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே பட்டியல் தயார். பிளஸ் டூ அறிவியல் பிரிவில் தேறுவதே சந்தேகம் என்று நாங்கள் நினைப்பவர்கள் 'மெல்லக் கற்போர்'. அவர்களுக்கு மாலையில் வராந்தாவில் வகுப்பு. கையில் குறைந்தபட்சக் கற்றல் கையேடு. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள், அடிக்கடி வரும் ஐந்து மதிப்பெண் வினாக்கள், அவ்வளவுதான். எல்லாப் பாடங்களிலும் சேர்த்து எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுப்பவர்கள் 'டாப்பர் பேட்ச்'. அவர்களுக்கு ஆய்வகத்தில் வகுப்பு, மின்விசிறியோடு. நடுவில் இருப்பவர்களுக்குப் பெயரும் கிடையாது, இடமும் கிடையாது.

பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டாமே என்றேன். "பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா, டீச்சர்?" என்றார் தலைமை ஆசிரியர். மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. மொத்த வியாபாரம் நின்றாலும் சில்லறை வியாபாரம் நடக்கிறது. மதிய இடைவேளைக்குள் ஒட்டியாயிற்று.

ஜனவரி 8

அரையாண்டு இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். குழியாடிக் கணக்கு ஒன்று. குவியத் தூரம் 15 செ.மீ., பொருள் 20 செ.மீ. தொலைவில். செ. என்று இங்கே நான் குறிப்பிடப்போகும் பெண், குறியீட்டு மரபை (எந்தத் தூரத்துக்கு பிளஸ், எதற்கு மைனஸ் என்ற விதி) ஒழுங்காகப் போட்டு, மைனஸ் 60 செ.மீ., மெய் பிம்பம் என்று சரியாக முடித்திருக்கிறாள். பிறகு அதன் மேல் இரண்டு கோடுகள். கீழே பிளஸ் 60, மாய பிம்பம். இந்தத் தாளில் இதே போல இன்னும் மூன்று இடங்கள். அடித்தது சரி, எழுதியது தவறு.

படிக்காத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது. அங்கே வெற்றிடம் இருக்கும், அல்லது தெரிந்த வேறு எதையாவது நிரப்பி வைத்திருப்பார்கள். இவள் எழுதும்போதே பக்கத்தில் யாரோ நின்று "நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பி.எட். படிக்கும்போது இதைப் படித்திருக்கிறேன். லீபர்ட், மாரிஸ் என்ற இருவர் 1967இல் தேர்வுப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று உடல் சார்ந்தது: நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றைக் கலக்குவது. மற்றது கவலை: 'நான் தோற்றுவிடுவேன், எல்லாரும் என்ன நினைப்பார்கள்' என்று உள்ளே ஓடும் பேச்சு. மதிப்பெண்ணை அதிகம் தின்பது இரண்டாவதுதான். கணக்கின் இடைப்படிகளை மனத்தில் பிடித்துக்கொள்ள இருக்கும் கொஞ்ச இடத்தை அந்தப் பேச்சு எடுத்துக்கொள்கிறது. நாமோ நடுங்கும் கையைப் பார்த்துக் குளுக்கோஸ் கொடுக்கிறோம். (அந்தப் பாடத்தில் தேர்வுப் பதற்றம் பற்றிய வினாவையே நாங்கள் பதற்றத்தோடுதான் எழுதினோம்.)

ஜனவரி 12

செ. இன்று ஆய்வக வாசலில் நின்றாள். "டீச்சர், நான் வராந்தா வகுப்புக்குப் போகட்டுமா?"

டாப்பர் பேட்ச்சிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் என்றேன். "எனக்கு இயற்பியல் வராது, டீச்சர்."

அரையாண்டில் 70க்கு 52 எடுத்தவள். அடித்த விடைகளை அடிக்காமல் விட்டிருந்தால் 60ஐத் தொட்டிருப்பாள். ஆய்வகத்தில் அவளைச் சுற்றி இருப்பவர்கள் 64, 66 எடுப்பவர்கள். அவர்களில் இரண்டு பேர் நகரத்துத் தனிப்பயிற்சிக்குப் போய்ப் பாடத்தை முன்பே முடித்துவிட்டு வருபவர்கள். இவள் பத்தாம் வகுப்பு வரை சொந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவி. ஊரில் இவளைப் பெயர் சொல்லி அழைப்பதைவிட 'ஃபர்ஸ்ட் மார்க் பிள்ளை' என்று அழைத்தவர்கள்தான் அதிகமாம். அறிவு அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவரின் கல்வி சார்ந்த தன்மதிப்பு குறைவாகவே இருக்கிறது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடு தங்களை ஒப்பிடுவதில்லை, பக்கத்து நாற்காலியோடு ஒப்பிடுகிறார்கள். சிறிய குளத்துப் பெரிய மீன் என்று இதற்குப் பெயர் வைத்தார். பல நாடுகளில் சோதித்தும் நிலைத்து நின்ற முடிவு.

வராந்தாவில் நேர்மாறு. மு. என்ற பெண் அங்கே ராணி. மிக உயர்ந்த மின்னழுத்தம் உண்டாக்கும் வான் டி கிராப் மின்னியற்றியைப் படத்தோடு எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மற்றவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அவள் 30ஐத் தாண்டியதில்லை. தேர்வென்றால் தூக்கம் வராத வியாதி அவளுக்கு இல்லை. பட்டியலைத் தயாரித்தவர்கள் எதிர்பார்த்தது இதில் எது?

செ.யிடம் இப்போதைக்கு இங்கேயே இரு என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 22

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்தார். ஒலிபெருக்கியில் இரண்டு மணி நேரம். "உன்னால் முடியும்" என்று எல்லாரையும் எழுந்து நின்று கத்தச் சொன்னார். கத்தினார்கள். மாலையில் செ. சொன்னாள்: "எல்லாருக்கும் முடியுமாம், டீச்சர். அப்படியானால் எனக்கு மட்டும் முடியவில்லை என்றால்?"

ஜனவரி 30

முதல் திருப்புதல் தேர்வு முடிந்தது. செ. 49.

ஆசிரியர் அறையில் வணிகவியல் சாரோடு வாக்குவாதம். "பயம் இருந்தால்தான் படிப்பார்கள், டீச்சர். நாமெல்லாம் பயந்து படித்தவர்கள்தானே?" 1908ஆம் ஆண்டு எர்க்ஸ், டாட்சன் செய்த ஆய்வை எல்லாரும் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள், மிதமான பதற்றம் நல்லது, மிஞ்சினால் கெட்டது என்று. அது எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்வு. அதிலும்கூட, வேலை கடினமாக ஆக ஆக, கற்க உதவும் அதிர்ச்சியின் அளவு குறைந்துகொண்டே போனது. குழியாடிக் கணக்கு எலிக்குக் கொடுத்த வேலையைவிடக் கடினம் என்று சாரிடம் சொன்னேன். சிரித்தார். ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பிள்ளைகள் அவர் மேல் உயிராக இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அவர் போடும் பயத்தில் பாதி நாடகம், அது அவர்களுக்கும் தெரியும்.

பிப்ரவரி 7

செய்முறைத் தேர்வுக்கான பயிற்சி. ஒளி வளையும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் காண வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்காத சோதனை இதுதான். முப்பட்டக மேடையைச் சுழற்றிக்கொண்டே தொலைநோக்கியில் பார்த்தால், பிம்பம் ஓரிடத்தில் நின்று திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு வெர்னியர் அளவு. 64, 66 எடுக்கும் இருவரும் பிம்பத்தைத் தவறவிட்டுத் தவறவிட்டு எரிச்சலில் இருந்தார்கள்.

செ. குனிந்தாள். திருகை ஒரு மயிரிழை நகர்த்தினாள், நிறுத்தினாள், இரண்டு வெர்னியரையும் படித்தாள். சிறும திசைமாற்றக் கோணம் 39 பாகை. கணக்கிட்டால் 1.52. கிரவுன் கண்ணாடிக்குக் கச்சிதமான விடை. பக்கத்து மேசைக்காரி "எனக்கும் பிடித்துக் கொடு" என்றாள். பிடித்துக் கொடுத்தாள். பிறகு அடுத்த மேசை. கை நடுங்கவில்லை. யாருடைய அளவையும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அடித்தலும் இல்லை, திருத்தலும் இல்லை.

"இது இயற்பியல் இல்லையா?" என்று கேட்டேன்.

"இது சும்மா கை வேலை, டீச்சர்."

1976இல் ஷேவல்சனும் உடன் ஆய்வாளர்களும் தன்னைப் பற்றிய எண்ணம் ஒற்றைக் கட்டியாக இருப்பதில்லை என்று எழுதினார்கள். மேலே பொதுவான ஓர் எண்ணம். அதன் கீழே கல்வி, நட்பு, உடல் என்று கிளைகள். கல்விக்குக் கீழே பாடவாரியாகக் கிளைகள். மேலே உள்ளது எளிதில் அசையாது, கீழே போகப் போக அசைக்கலாம். அப்படியென்றால் 'நீ கெட்டிக்காரி' என்று உச்சியில் தட்டுவதில் பயனில்லை. பாடத்துக்கும் கீழே, குழியாடியின் குறியீட்டு மரபு வரை இறங்கிப் போக வேண்டும்.

பிப்ரவரி 10

செ.யிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். பதினொரு அலகுகளையும் அதில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 'வரும்', 'தடுமாறும்', 'வராது' என்று பிரித்துக்கொண்டு வா என்றேன். 'இயற்பியல் வராது' என்ற வாக்கியத்தை மட்டும் எங்கும் எழுதக்கூடாது.

'வராது' என்ற பகுதியில் வந்தவை: கதிர் ஒளியியலில் குறிகள், மாறுதிசை மின்னோட்டத்தில் அம்புகளால் வரையும் கட்டப் படம் (ஃபேசர் படம்), எலக்ட்ரானியலில் இரண்டு சுற்றுகள். முழுப் பக்கம் வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித் தினமும் காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடத் தேர்வு. மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது, வாய்விட்டு வாசிக்கவும் மாட்டேன். ஆய்வகத்தினரும் வராந்தாவினரும் ஒரே மரத்தடியில் எழுத வேண்டும். மீண்டும் மீண்டும் படிப்பதைவிடத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதால் பாடம் அதிக நாள் நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறு. தேர்வு என்பது யாரும் பார்க்காமலும் நடக்கலாம் என்பது இவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 18

செ.யின் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். விரல் நுனிகளில் இலை அறுத்த தழும்புகள். "இவள் படிப்பாள் என்றுதானே, டீச்சர், நான் இந்தப் பீடித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் செ. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வாக்கியத்தை இந்தப் பெண் எத்தனை தேர்வுக்கூடங்களுக்குச் சுமந்து போயிருப்பாள்!

தேர்வுக்கு முந்தின இரவுகளில் இவள் தட்டைக் கேட்கிறாளாம். கொஞ்ச நேரம் சுற்றினால் மனசு அடங்கும் என்கிறாளாம். அம்மா தொடவிடுவதில்லை. புகையிலைத் தூசு வேண்டாம் என்பதில் நானும் அம்மா பக்கம்தான். ஆனால் ஸ்பெக்ட்ரோமீட்டர் திருகை அந்த விரல்கள் எங்கே பழகின என்று எனக்கு அப்போது தெரிந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். வகுப்பில் எல்லாரும் திணறிய சோதனையை உங்கள் மகள்தான் முடித்தாள், நல்ல கை, உங்கள் கை என்று. அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "இதைச் சொல்லவே இல்லையே நீ?"

வெறும் கை வேலை என்று நினைத்ததை எப்படிச் சொல்வாள்?

பிப்ரவரி 26

ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011இல் செய்த சோதனை ஒன்று உண்டு. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மனத்தில் உள்ள கவலைகளைத் தாளில் எழுதினால், பதற்றக்காரர்களின் மதிப்பெண் உயர்கிறது என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. 2018இல் புகழ்பெற்ற இருபத்தொரு சோதனைகளை ஓர் ஆய்வுக் குழு திரும்பச் செய்து பார்த்தபோது, முதல் முறை கிடைத்த முடிவு மறுபடி கிடைக்காதவற்றில் இதுவும் ஒன்று.

இருந்தும் மரத்தடியில் செய்து பார்த்தோம். தாளுக்கும் பேனாவுக்கும் மேல் செலவில்லை. சிலர் பக்கம் பக்கமாக எழுதினார்கள், மு. ஒரு மயில் வரைந்தாள். யாருடையதையும் நான் வாங்கவில்லை. அன்றைய பத்து நிமிடத் தேர்வில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆனால் மறுநாளும் எழுதலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அதனால் தொடர்கிறோம்.

மாணவர்களுக்கான 14417 உதவி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதினேன். பட்டியலுக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை. பட்டியலைக் கிழித்துவிட்டு எழுதினேன். யாரும் இதுவரை கேட்கவில்லை.

மார்ச் 4

பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக வேறொரு பள்ளியில் பணி. என் அறையில் இருபது மாணவர்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. 10 மணிக்கு வினாத்தாள். முதல் பத்து நிமிடம் படிக்க மட்டும். பேனா தொடக்கூடாத அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்கு எது நடக்கிறது என்பது முகத்தில் எழுதியிருக்கிறது. சிலர் கண் வரிவரியாக இறங்குகிறது. சிலர் கண் ஒரு வினாவிலேயே நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு தாளில் எதுவும் ஏறுவதில்லை. ஒரு பையன் தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு, "அடுத்த பக்கத்தைப் பார், தம்பி" என்றேன். இதற்கு மேல் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. திருப்பினான்.

மார்ச் 21

இன்று இயற்பியல். பாட ஆசிரியை என்பதால் எனக்கு அறைப் பணி இல்லை. மாலை மூன்று மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்தது. கட்டாய வினா நேரடியானதுதான்.

மு. பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துக்கொண்டாள். வான் டி கிராப் வரவில்லையாம்; மூன்று மாதமாக அதை நம்பி இருந்தவள். "மற்றதை எல்லாம் எழுதிவிட்டேன், டீச்சர். தேறிவிடுவேன்." தேறுவாள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு மேல் சரியாகச் சொன்னாள்.

செ. இரவு எட்டு மணிக்கு அம்மாவின் போனிலிருந்து பேசினாள். 58 வரும் என்றாள். பிறகு, "மூன்று மதிப்பெண் கணக்கில் லென்ஸ் குறி தப்பிவிட்டது, டீச்சர். சமன்பாட்டைத் தருவிக்கும்போது கட்டப் படத்தில் ஓர் அம்புக்குறி போட மறந்துவிட்டேன்" என்றாள்.

"வேறு?"

"வேறு ஒன்றும் இல்லை. விலங்கியலுக்குப் படிக்க வேண்டும், வைத்துவிடட்டுமா?"